சிதறிய சபையைத் திரட்டியவர்: பேட்டை தந்த காயிதே மில்லத்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எந்த ஊர் ஜமாஅத்திலும் நடப்பதுதான் இது. புதிய நிர்வாகம் பொறுப்பேற்கிறது. மதரஸாவுக்குக் கட்டடம், ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, பைத்துல்மால், கபரஸ்தான் சுற்றுச்சுவர் என்று முதல் கூட்டத்திலேயே பட்டியல் நீள்கிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கூட்டத்திற்கு ஆள் வருவதில்லை, வசூல் நின்றுபோகிறது, இரண்டு தரப்பாகப் பேச்சு கிளம்புகிறது. பணம் இல்லாததுதான் காரணம் என்று சொல்லிக்கொள்கிறோம். பெரும்பாலும் அது அல்ல. எதை முதலில் செய்யப் போகிறோம், எதைச் செய்யப் போவதில்லை என்பதை முடிவு செய்யவில்லை. முடிவு செய்திருந்தாலும் மஹல்லா மக்களிடம் புரியும்படி சொல்லவில்லை.

இதே சிக்கல் ஒரு நாட்டின் அளவில், உயிருக்கும் மானத்திற்கும் ஆபத்தான ஒரு காலத்தில் ஒரு மனிதர் முன் வந்து நின்றது. அவர் நம் மாவட்டத்துக்காரர். நாங்குநேரியிலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் திருநெல்வேலி. அங்கே டவுனை அடுத்த பேட்டையில் பிறந்தவர். மர்ஹூம் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள். அவர் பெயரில் தெருவும் கல்லூரியும் இருக்கின்றன; மேடைகளில் அவர் பெயரைச் சொல்லாதவர் இல்லை. ஆனால் அவர் ஓர் அமைப்பை எப்படி நடத்தினார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

பேட்டையில் தொடக்கம்

1896 ஜூன் 5 அன்று பிறந்தார். தந்தை மியாகான் ராவுத்தர் மார்க்க அறிவு பெற்றவர், வணிகர். தந்தையைச் சிறு வயதிலேயே இழந்த பிள்ளையை வளர்த்து, மார்க்கத்தைக் கற்றுக்கொடுத்தவர் தாயார். நெல்லையில் பள்ளிப் படிப்பு, திருச்சி புனித ஜோசப் கல்லூரி, பிறகு சென்னையில் கல்லூரி என்று படிப்பு போனது. 1920ல் ஒத்துழையாமை இயக்கம் வந்தபோது பட்டத் தேர்வை விட்டுவிட்டு வெளியேறினார்.

சங்கம் அமைப்பது அவருக்குச் சிறு வயதிலேயே வந்த பழக்கம். பதின்மூன்று வயதில், 1909ல், பேட்டையில் முஸ்லிம் இளைஞர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். 1918ல் ஆலிம்களை ஒன்றுதிரட்டும் மஜ்லிஸுல் உலமா அமைக்கும் பணியில் ஈடுபட்டார். வயதில் மூத்த உலமாக்களை ஓர் இளைஞர் ஒரே சபையில் உட்கார வைப்பது எளிதான காரியம் அல்ல. அதிகம் பேசாமல் கேட்டுக்கொள்ளும் குணம் இல்லாமல் அது நடக்காது.

பின்னர் சென்னையில் தோல் வணிகத்தில் இறங்கினார். தென்னிந்தியாவின் தோல் வியாபாரிகள் சங்கத்திலும் வர்த்தக சபையிலும் பொறுப்பு வகித்தார். கணக்கு, தீர்மானம், கடிதப் போக்குவரத்து, எதிர்த்தரப்போடு உட்கார்ந்து பேசி முடிப்பது என்று ஓர் அமைப்பை நடத்தத் தேவையான அத்தனையும் அங்கே கைவந்தன. அரசியலுக்கு வந்தபோது அவர் பேச்சாளராக வரவில்லை, அமைப்பாளராகவே வந்தார்.

1945ல் சென்னை மாகாண முஸ்லிம் லீகின் தலைவரானார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் முஸ்லிம்களுக்கு ஒதுக்கப்பட்ட தொகுதிகளில் லீக் பெரும் வெற்றி பெற்றது. சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் பொறுப்பு அவருக்கு வந்தது. 1952 வரை அதில் இருந்தார்.

சபை சிதறிய நேரம்

1947 ஆகஸ்டில் நாடு பிரிந்தது. லீகின் முதல்நிலைத் தலைவர்கள் பலர் எல்லை தாண்டிப் போய்விட்டார்கள். மலபாரில் முன்னணியில் இருந்த சத்தார் சேட் அவர்களும் பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டின் தூதரானார். போனவர்களுக்கு ஒரு நாடு கிடைத்தது. இங்கேயே இருக்க முடிவு செய்த கோடிக்கணக்கான முஸ்லிம்களுக்குக் கிடைத்தது சந்தேகப் பார்வை.

அந்த ஆண்டு டிசம்பரில் கராச்சியில் அகில இந்திய முஸ்லிம் லீக் கவுன்சில் கூடியது. கட்சியை இரண்டாகப் பிரிக்க முடிவானது. பாகிஸ்தானுக்கு லியாகத் அலி கான் அமைப்பாளர். இந்தியாவுக்கு இஸ்மாயில் சாஹிப். இரண்டு பொறுப்புகளும் ஒன்றல்ல. அங்கே ஆட்சி இருந்தது. இங்கே பெயர் மட்டும் மிஞ்சியது, அந்தப் பெயரே குற்றச்சாட்டாகவும் இருந்தது.

அதே டிசம்பர் இறுதியில் லக்னோவில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்கள் கூட்டிய மாநாட்டில், முஸ்லிம்கள் தனிக்கட்சிகளை விட்டுவிட வேண்டும் என்ற வழி முன்வைக்கப்பட்டது. வடமாகாணங்களில் பலர் லீகைக் கலைத்துவிட்டார்கள். 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகள் கொல்லப்பட்டார். நாடே கொதித்துக்கொண்டிருந்தது. அப்படியொரு வேளையில் முஸ்லிம் லீக் என்ற பெயரில் ஒரு கூட்டம் போடுவதே துணிச்சல்தான். ஆசாத் சொன்ன வழியில் போனவர்களும் சமுதாயத்தின் நன்மையை நாடியே போனார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். கருத்து வேறுபாடு நோக்கத்தில் இல்லை, வழியில்தான்.

1948 மார்ச் 10

சென்னையில் இன்று ராஜாஜி மண்டபம் என்று நாம் அழைக்கும் அரசினர் மண்டபத்தில், இந்தியாவில் இருந்த லீக் கவுன்சில் உறுப்பினர்களை அமைப்பாளர் என்ற முறையில் இஸ்மாயில் சாஹிப் கூட்டினார். கலைப்பதா, தொடர்வதா என்பதே கேள்வி.

அவர் நினைத்திருந்தால் ஓர் அறிக்கையோடு முடித்திருக்கலாம். பொறுப்பு கையில் இருந்தது. கலைத்துவிட்டேன் என்றாலும், தொடர்கிறது என்றாலும் அன்றைக்கு யாரும் பெரிதாகத் தடுத்திருக்க முடியாது. அவர் அப்படிச் செய்யவில்லை. உறுப்பினர்களை அழைத்து, மஷ்வரா செய்து, மாற்றுக் கருத்துக்காரர்களும் பேசிய பிறகு, சபையின் முடிவாகவே அதை எடுத்தார். தொடர்வது என்று முடிவானது. இந்திய யூனியன் முஸ்லிம் லீக் பிறந்தது. இஸ்மாயில் சாஹிப் தலைவர், மஹபூப் அலி பேக் பொதுச்செயலாளர்.

அன்று எடுத்த முடிவில் நாம் கவனிக்க வேண்டியது, அமைப்பின் குறிக்கோளை அவர்கள் எவ்வளவு குறுக்கிக்கொண்டார்கள் என்பதுதான். பழைய லீகின் பெரும் அரசியல் கனவுகள் எதுவும் அதில் இல்லை. முஸ்லிம்களின் மார்க்கம், பண்பாடு, கல்வி, பொருளாதார நலன் ஆகியவற்றின் மீதே முதன்மைக் கவனம் என்று வரையறுத்தார்கள். நாட்டின் குடிமக்களாக, நாட்டின் சட்டத்திற்கு உட்பட்டு, நாட்டுக்கு விசுவாசமாக என்பது அதன் அடித்தளம்.

பெயரிலேயே செய்தி இருந்தது. இந்திய யூனியன் என்ற சொற்களைச் சேர்த்ததும், இந்த அமைப்பு எந்த நாட்டைச் சேர்ந்தது என்ற கேள்விக்கு இடமில்லாமல் போனது. ஏர்வாடியில் தறி நெய்யும் மனிதருக்கும் டெல்லியில் அமைச்சராக இருப்பவருக்கும் ஒரே பதில் அதில் இருந்தது. ஒருவரிடம் ஒன்று, மற்றவரிடம் வேறொன்று என்று பேசத் தேவையில்லாத குறிக்கோள் அது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1948 ஏப்ரல் 3 அன்று, அரசியல் நிர்ணய சபை சட்டமியற்றும் மன்றமாகக் கூடியபோது, அனந்தசயனம் அய்யங்கார் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. மத அடிப்படையிலான அமைப்புகள் மார்க்கம், பண்பாடு, சமூகம், கல்வி ஆகியவற்றுக்கு அப்பால் செயல்பட அனுமதிக்கக் கூடாது என்பது அதன் சாரம். மார்ச்சிலேயே தன் எல்லையைத் தெளிவாக வரைந்துகொண்ட லீக், தனக்கு வேண்டிய பதிலை ஏற்கெனவே கையில் வைத்திருந்தது. குறிக்கோள் மங்கலாக இருந்திருந்தால் அந்தத் தீர்மானத்தின் வேகத்திலேயே அமைப்பு கரைந்திருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கவும் அவர் அவசரப்படவில்லை. அமைப்புக்கு முறையான சட்டவிதிகள் 1951 செப்டம்பரில்தான் நிறைவேற்றப்பட்டன. முதலில் நோக்கம், பிறகு ஆட்கள், பிறகு விதிகள் என்ற வரிசையில் மூன்றரை ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்.

அரசியல் நிர்ணய சபையில்

1948ல் அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினராக இருந்தார். அந்த ஆண்டு நவம்பர் 23 அன்று பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவு விவாதத்திற்கு வந்தது. எந்தச் சமூகமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்ற திருத்தத்தை இஸ்மாயில் சாஹிப் முன்மொழிந்தார். அன்றைய விவாதத்தைப் பார்த்தால், அவர் தனியாக நிற்கவில்லை என்பது தெரியும். மஹபூப் அலி பேக், போக்கர் சாஹிப் ஆகியோரும் அதே பிரிவில் தங்கள் வாதங்களை வைத்தார்கள். ஒரே கருத்தைப் பல கோணங்களில் சொன்னார்கள். ஒருவரை ஒருவர் முறித்துப் பேசவில்லை.

அவர் முஸ்லிம்களுக்கு மட்டும் சலுகை கேட்கவில்லை. எந்தச் சமூகத்திற்கும் பொருந்தும்படி திருத்தத்தை எழுதினார். எதிரே இருப்பவர் தன் வீட்டையும் எண்ணிப் பார்க்கும்படி பேசுவது நல்ல தொடர்பாடலின் அடிப்படை. திருத்தம் தோற்றது. ஆனால் டாக்டர் அம்பேத்கர் தம் பதிலில், எதிர்கால நாடாளுமன்றம் விரும்பி ஏற்பவர்களுக்கு மட்டும் அத்தகைய சட்டத்தைத் தொடங்க வழி உண்டு என்று அச்சத்தைத் தணிக்கும் விதமாகப் பேசினார். அந்தப் பதில் இன்றுவரை இந்த விவாதத்தில் எடுத்துக்காட்டப்படுகிறது. வாக்கெடுப்பில் தோற்ற வாதமும் பதிவில் நின்று பயன்படும் என்பதற்கு இது சான்று.

1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம். பழமைதான் தகுதி என்றால் இந்த மண்ணின் மிகப் பழைய மொழியான தமிழுக்கே அந்த உரிமை உண்டு என்று அவர் வாதிட்டார். முஸ்லிம் என்றால் உருது என்று மட்டுமே எண்ணிக்கொண்டிருந்த வடநாட்டு உறுப்பினர்கள் நடுவே, பேட்டைக்காரர் ஒருவர் தமிழுக்காகப் பேசியது நம் மாவட்டத்துக்குப் பெருமை.

தோல்வியும் மாற்றமும்

1949 மே மாதத்தில் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீடும் தனித்தொகுதியும் பற்றிய விவாதம் வந்தது. தனித்தொகுதி முறை தொடர வேண்டும் என்று இஸ்மாயில் சாஹிப் கேட்டார். சர்தார் பட்டேல் கடுமையாக மறுத்தார். பேகம் ஐஜாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினர்களே அதை எதிர்த்தார்கள். கோரிக்கை தோற்றது. நாடு முழுவதற்கும் பொதுத்தொகுதி என்று முடிவானது.

லீக் வளர்ந்ததே தனித்தொகுதி முறையில்தான். அது போன பிறகு என்ன செய்வது? இங்கேதான் அவருடைய தலைமையின் இரண்டாவது சோதனை. புறக்கணிப்போம், சபையை விட்டு வெளியேறுவோம் என்று அவர் கிளம்பவில்லை. அரசியல் சட்டத்தை ஏற்றார். பொதுத்தொகுதியில் எல்லாச் சமூகத்தாரின் வாக்கையும் கேட்கும் கட்சியாகத் தன் அமைப்பை மாற்றினார். குறிக்கோள் மாறவில்லை, அதை அடையும் வழி முழுதும் மாறியது. எது மாறலாம், எது மாறக் கூடாது என்பது அவர் மனதில் தெளிவாக இருந்ததால் இது முடிந்தது.

1952 பொதுத்தேர்தலில் மலப்புறத்தில் போக்கர் சாஹிப் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இஸ்மாயில் சாஹிப் மாநிலங்களவை சென்றார். 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரி தொகுதி அவரை மக்களவைக்கு அனுப்பியது. மலையாளம் பேசும் மக்கள் ஒரு தமிழரை மூன்று முறை தேர்ந்தெடுத்தார்கள். பாஃபக்கி தங்ஙள், சீதி சாஹிப், சி.ஹெச். முஹம்மது கோயா போன்ற கேரளத் தலைவர்கள் தங்கள் மாநிலத்தில் தங்கள் வழியில் இயங்க அவர் இடம் கொடுத்தார். சென்னையில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் கையில் பிடித்து வைக்கவில்லை.

அதன் பலன் தெரிந்தது. 1960ல் சீதி சாஹிப் கேரள சட்டமன்ற சபாநாயகரானார். 1967ல் இ.எம்.எஸ். அமைச்சரவையில் லீக் இடம்பெற்றது. 1969 ஜூன் 16 அன்று மலப்புறம் மாவட்டம் உருவானது. தமிழ்நாட்டில் 1967 தேர்தலில் அறிஞர் அண்ணாவும் ராஜாஜியும் இருந்த அணியில் லீகும் நின்றது. இருபது ஆண்டுகளுக்கு முன் கலைத்துவிடச் சொல்லப்பட்ட அமைப்பு இது.

அவர் வாழ்வும் பேச்சும் ஒன்றாக இருந்தன. குரோம்பேட்டையில் எளிய வீடு. 1962ல் சீனப் போர் மூண்டபோது, தம் ஒரே மகனை நாட்டின் படைக்கு அனுப்பத் தயார் என்று முன்வந்தார். 1948ல் தீர்மானத்தில் எழுதிய விசுவாசத்தை அவர் தம் வீட்டிலிருந்தே காட்ட முன்வந்தார். சொல்வதைத் தாமே செய்து காட்டும் தலைவரிடம் தொண்டர்களுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை.

கல்வியில் அவர் காட்டிய ஆர்வத்தையும் மறக்க முடியாது. பிரிவினைக்குப் பிறகான ஆண்டுகளில் தென்னாட்டில் முஸ்லிம்களின் கல்லூரிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. 1948ல் பாரூக் கல்லூரி, 1951ல் சென்னை புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும், 1971ல் நம் பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி. இவற்றைக் கட்டியவர்கள் பலர். செல்வந்தர்களும் உலமாக்களும் பொதுமக்களும் கொடுத்தது அது. ஆனால் கல்வியே முதல் வேலை என்ற எண்ணத்தை ஊர் ஊராகச் சொல்லி, கொடுக்கும் மனதை உண்டாக்கியவர்களில் அவர் முன்னணியில் இருந்தார்.

குறையையும் சொல்ல வேண்டும்

பெரியவர்களைப் பற்றி எழுதும்போது வெற்றிகளை மட்டும் அடுக்கினால் பாடம் கிடைக்காது. 1948ல் உருவான அமைப்பு, பெயரில் இந்திய யூனியன் என்று இருந்தாலும், பெரும்பாலும் தெற்கிலேயே வேர் பிடித்தது. உத்தரப் பிரதேசம், பீகார் போன்ற இடங்களில் முஸ்லிம்கள் அதிகம் இருந்தும், கேரளத்தில் கிடைத்த ஆதரவு அங்கே கிடைக்கவில்லை.

இன்னொன்று, அவர் இருந்தவரை ஒற்றுமை அவர் ஆளுமையைச் சார்ந்தே இருந்தது. 1972 ஏப்ரல் 5 அன்று சென்னையில் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவருக்குப் பின் தலைமைக்கு வந்த பாஃபக்கி தங்ஙள் அடுத்த ஜனவரியிலேயே ஹஜ்ஜுக்குச் சென்ற இடத்தில், மக்காவில் காலமானார். அதன் பின் சில ஆண்டுகளுக்குள் கேரளத்தில் லீக் இரண்டாகப் பிளந்தது. மீண்டும் ஒன்றுசேர நெடுங்காலம் ஆனது. எவ்வளவு பெரிய தலைவராக இருந்தாலும், அடுத்த நிலையில் இருப்பவர்கள் தமக்குள் பேசித் தீர்க்கும் பழக்கத்தை அமைப்புக்குள் ஊன்றாவிட்டால், அவர் மறைவோடு பழைய பூசல்கள் தலைதூக்கும்.

நம் ஊருக்கு என்ன?

சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அவர் அடங்கியிருக்கிறார். 1991ல் நாகப்பட்டினம் தனி மாவட்டமானபோது அவர் பெயரைச் சூட்டினார்கள். 1997ல் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் எடுக்கப்பட்டபோது, நம் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலியானது போல, நாகையிலும் காயிதே மில்லத் பெயர் போனது. பெயர்ப் பலகைகள் வரும், போகும். அவர் வேலை செய்த முறை நம் கையில்தான் இருக்கிறது.

நம் ஜமாஅத்துகளின் நிர்வாகிகளும், டிரஸ்ட் நடத்தும் இளைஞர்களும் அவரிடமிருந்து மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம். பொறுப்பேற்றதும் பத்து வேலைகளை அறிவிக்காமல், இந்த ஆண்டு முடிக்கப்போகும் ஒன்றிரண்டை மட்டும் எழுதி, ஜும்ஆவுக்குப் பிறகு எல்லோருக்கும் தெரியும்படி வாசிப்பது. எதிர்ப்பவர்களையும் அழைத்துப் பேசவைத்து, அதன் பிறகு முடிவெடுத்து, எடுத்த முடிவைச் சபையின் முடிவாகவே மக்களிடம் சொல்வது. கணக்கில் ஒரு முகம், மேடையில் ஒரு முகம் இல்லாமல், உள்ளே பேசுவதையே வெளியேயும் பேசுவது. இவற்றுக்குப் பெரிய பணம் வேண்டாம்.

1948 மார்ச்சில் அவர் கையில் ஆட்சியும் இல்லை, பணமும் இல்லை. என்ன செய்யப் போகிறோம் என்ற தெளிவும், அதை எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்லும் நேர்மையும் இருந்தன. அல்லாஹ் அதில் பரக்கத் செய்தான்.

வல்ல ரஹ்மான் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, பணிகளை ஏற்று, கப்ரை ஒளிமயமாக்கி, உயர்ந்த சுவனத்தை வழங்குவானாக. நம் மஹல்லாக்களுக்கும் அத்தகைய தெளிந்த சிந்தையுள்ள பொறுப்பாளர்களைத் தருவானாக. ஆமீன்.